பேர் இல்லாத மூன்று காம்பராக்களும் எங்கள் கங்காணி மாமாவும்

வெலிமடையில் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சேற்றுக் கையோடு போனை எடுத்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற சரோஜா.

"அக்கா, கங்காணி மாமா போயிட்டாருக்கா."

"தெரியுமே. காலையிலயே பதுளைக்குப் போனாரே" என்றேன்.

மாதத்துக்கு ஒரு முறை அவர் பதுளைக்குப் போவது வழக்கம். அதனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சரோஜா வாய் விட்டு அழுத பிறகுதான் அது எந்தப் போக்கு என்று விளங்கியது.

பதுளை பஸ் நிலையத்தில் எங்கள் பக்கம் வருகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார். பஸ் வந்து நின்றும் எழும்பவில்லை. தெரிந்த கொண்டக்டர் ஒருவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டிருக்கிறார். தலை சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடி என்ன, உயிர் அவர் உட்கார்ந்திருந்த வாங்கிலேயே போய்விட்டது.

மாரிமுத்து கங்காணி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கருமாதிக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், அதில் நீங்கள் எழுதுங்கள் அண்ணி என்று அவருடைய மகன் ரவி கேட்டான். "அஞ்சாம் வகுப்போட கொழுந்துக் கூடையைத் தூக்குனவகிட்ட கேக்குறியே தம்பி" என்றேன். "அப்பாவ உங்க அளவுக்குக் கிண்டல் பண்ணுன ஆள் வேற யாரும் இல்ல, நீங்கதான் எழுதணும்" என்றான். எழுத்துப் பிழைகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் திருத்தித் தருகிறார். மிச்சப் பிழையெல்லாம் என்னுடையது.

முறைக்கு அவர் என் கணவருக்குச் சித்தப்பா, எனக்கு மாமனார். மரியாதையாகத் தள்ளி நிற்க வேண்டிய முறை. நான் அந்த முறையைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டவள். அவரும் விட்டுவிட்டார்.

எங்கள் ஊருக்கு ஒத்தலயம் என்று பெயர். ஊர் என்று சொன்னால் தோட்டத்தின் மற்ற டிவிஷன்காரர்கள் சிரிப்பார்கள். தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரே ஒரு லயம், அதில் குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாய்ப் பத்துக் காம்பரா, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மேகம். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. அப்படி ஒரு மூலையில் எதற்காக மனிதர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் கேட்டபோது மாமாதான் சொன்னார்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஃபெக்டரி தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியதாம். மேலே இருக்கிற ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள். வாய்க்காலில் இலை அடைத்தால் சக்கரம் நின்றுவிடும். இலை அள்ளுவதற்கு மேலேயே ஆட்கள் வேண்டும் என்று ஒரு லயத்தைக் கட்டினார்கள். முதல் காம்பராவுக்குக் குடி வந்தவர் மாமாவின் தாத்தா. பிறகு ஃபெக்டரிக்குக் கரண்ட் வந்தது. வாய்க்கால் மண் மூடிப் போனது.

"கரண்டு வந்தப்ப சக்கரத்த நிப்பாட்டுனாங்க. எங்கள நிப்பாட்ட மறந்துட்டாங்க" என்பார் மாமா.

அவ்வளவுதான் ஒத்தலயத்தின் வரலாறு. இறங்கி வா என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இருந்தார்கள். வாய்க்கால் வேலை போனதும் சுற்றியிருந்த மலையில் கொழுந்து எடுத்தார்கள். அந்தக் கரண்ட் ஒத்தலயத்துக்கு வந்து சேர இன்னும் இரண்டு தலைமுறை ஆனது வேறு கதை.

நான் பூனாகலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது மாமா கங்காணியாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கீழே போய் வரத் தூரம் என்பதால் ஒத்தலயத்துக்கென்று தனிப் பெரட்டு இருந்தது. விடிந்ததும் லயத்து முன்னால் எல்லோரும் கூட, அவர் ஆள் பார்த்து, இன்றைக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புவார். முதல் நாள் புதுப்பெண்ணாக மெதுவாகப் போய் நின்றேன்.

"பேர் என்னம்மா?"

"செல்வராணிங்க."

"அது வீட்டுல வச்ச பேரு. இங்க ஒழுங்கா கொழுந்து எடுத்தாத்தான் பேரு. லேட்டா வந்திருக்க, இன்னைக்கு அரைப்பேர்."

"ராணிக்கே அரைப்பேரா மாமா?"

பெரட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "லேட்டா வந்தா அரை ராணி" என்றார். சாயந்தரம் பார்த்தால் முழுப்பேர் போட்டிருந்தார்.

தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியார் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு நாளுக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருப்பதும் பேர்தான். "அவளுக்குப் பேர் இருக்கா?" என்று கேட்டால் அவள் தோட்டத்து வேலைக்காரியா என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்டு இந்த அர்த்தம்தான் எங்கள் காதில் முதலில் விழும். இந்த ஒரு சொல்தான் மாமாவின் கடைசிக் காலத்தை எடுத்துக்கொண்டது.

ஒத்தலயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கப்பலுக்கு ஏற்றிவிடுகிற கோச்சி ரயில் பதுளையிலிருந்து புறப்பட்ட காலத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது என்பார் மாமா. அவருடைய அண்ணன் குடும்பத்தோடு போனார். அவர்களோடு போக மாமாவுக்கும் அனுமதி வந்ததாம், அம்மாவுக்கு வரவில்லையாம். "அம்மாவ விட்டுட்டுப் போயி அங்க யாருகிட்ட ஏச்சு வாங்குறது?" என்று நின்றுவிட்டார். பிறகு பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். ரவியும் கொழும்புக்குப் போனான். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, காலமானார்கள். ஓரத்துக் காம்பரா ஒன்று கூரை இடிந்து விழுந்தது, யாரும் கட்டவில்லை.

நானும் விலகினேன். அட்டைக்கடி சலித்துப்போய் வெலிமடைக் காய்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகலாம் என்று முடிவு செய்து, "மாமா, என் பேர வெட்டிருங்க" என்று போய் நின்றேன்.

"வெட்டுனா ஒட்டாது மருமகளே. யோசிச்சுக்க."

"ஒட்டாட்டி போகுது. உங்க பெரட்டுல நின்னு நின்னு எனக்கு வேர் விட்டுருச்சு."

வெட்டினார். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

அப்படியே பேர் இல்லாத காம்பராக்கள் மூன்றாயின. ஒன்று எங்களுடையது, என் கணவர் வெலிமடையில் லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். அடுத்தது காளியப்பன் அண்ணனுடையது. அவர் ஓய்வு வாங்கியவர், ஒரு கால் சரியாக வராது, மனைவிக்குக் கண் மங்கல். மூன்றாவது சரோஜாவினுடையது. குவைத்திலிருந்து திரும்பி வந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். மற்ற ஆறு காம்பராக்களிலும் பேர் இருந்தது, அதில் ஒன்று மாமாவுடையது.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்தது. முதலில் விரல் போகிற வெடிப்பு. பிறகு கை போனது. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்தார்கள். இந்த மலை நிற்காது, இங்கே ஆள் இருக்கக் கூடாது, கீழே ரோட்டோரம் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். காம்பரா பார்த்துப் பதிய ஒருவர் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். கஷ்டப்பட்டு எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"கங்காணி, எத்தனை காம்பரா பேர் இருக்கு?"

தமிழ் பேசி வளர்ந்தவர் என்றால் "பேர் இருக்காங்க" என்று கேட்டிருப்பார். பாவம், அந்த மனிதர் ஆட்களைக் கேட்க நினைத்து "இருக்கு" என்றார். மாமாவுக்கு அது தினமும் கேட்கிற கேள்வி.

"ஆறு காம்பராவுல பேர் இருக்குங்க சேர்."

"மத்தது?"

"ஒண்ணு இடிஞ்சு கெடக்கு. மூணுல பேர் இல்லீங்க."

"பேர் இல்லை. ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி எழுதிக்கொண்டார்.

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்கள் காதிலும் சரியாகத்தான் விழுந்தது. எனக்குப் பேர் இல்லைதானே, நானே வெட்டச் சொன்னதுதானே. அந்த அதிகாரி குடித்த பிளேன்டீ என் காம்பரா அடுப்பில் என் கேத்தலில் கொதித்தது. குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் காம்பராவைக் காலி என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

வீடுகள் கட்டி முடிந்தன. சாவி கொடுக்கிற நாளில் பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மாமாவைக் கூப்பிட்டார்கள், இன்னும் ஐந்து குடும்பங்களைக் கூப்பிட்டார்கள். பிறகு சர்பத் கொடுத்தார்கள். நான் சர்பத்தையும் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒலிபெருக்கியைக் கழற்ற ஆரம்பித்தபோதுதான் போய்க் கேட்டோம். அங்கே நின்ற ஒருவர் சொன்னார், "மிச்சக் காம்பராவெல்லாம் காலின்னு கங்காணிதானே சொல்லியிருக்காரு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன்.

"என்னா மாமா, பேர் இல்லாட்டி நாங்க பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள். காளியப்பன் அண்ணன்கூடச் சிரித்தார். மாமா கழுத்தில் மாலையோடு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னேனே. என் வாயாலதானே சொன்னேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அன்றே ஒத்தலயத்துக்கு ஏறி வந்தார். மூன்று வாசலிலும் நின்று, "சாமானக் கட்டுங்க" என்றார்.

"எங்க கங்காணி?" என்று காளியப்பன் அண்ணன் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு."

"ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்னு அங்க அத்தன பேரு முன்னாடி சொன்னாங்களே."

"மேகம் இருட்டிக்கிட்டு வருது. மலை என்னா பேர் பார்த்தா சரியும்? கட்டுங்க."

மற்ற ஐந்து வீட்டிலும் பிள்ளைகுட்டி நிறைந்திருந்தது. மாமா ஒருவர்தான் தனியாள். ஒரு அறையில் காளியப்பன் அண்ணனும் மனைவியும், இன்னொன்றில் சரோஜாவும் பிள்ளைகளும், முன் கூடத்தில் நாங்கள். வீட்டுச் சொந்தக்காரரான மாமாவுக்கு அடுப்படி. "எனக்கு அடுப்புச் சூடுதான் ஒத்துக்கும்" என்றார். எல்லோரும் படுத்த பிறகு யாராவது எழும்பிப் போனால் குறைந்தது மூன்று காலை மிதிக்காமல் போக முடியாது. "வீடு குடுத்தாங்க, மாமா அத லயமாக்கிட்டாரு" என்று நான் சொல்லிச் சிரிப்பேன். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து, ஒரு வீட்டில் இத்தனை குடும்பம் இருக்க முடியாது என்றார்.

"ஒரே குடும்பந்தாங்க. கொஞ்சம் நீளம்" என்றார் மாமா.

உத்தியோகத்தர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறுபடியும் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். வீடு மாமாவின் பெயரில்தான் இருந்தது.

அந்த மழையிலேயே மலை இறங்கியது. கீழே ரோட்டிலிருந்து பார்த்தோம். என் காம்பராவும் அண்ணன் காம்பராவும் இருந்த இடத்தில் சிவப்பு மண். சரோஜாவின் கதவு மட்டும் சாய்ந்து நின்றது. மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிளேன்டீ ஊத்து புள்ள" என்றார்.

அதற்குப் பிறகுதான் பதுளைப் பயணம் ஆரம்பித்தது. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிவிட்டால் மூன்று வீடு கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார். வந்து எழுதின அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம் என்ன நடக்கும் என்று அவரே நடித்துக் காட்டுவார்.

"காலி எண்டு இருக்கே கங்காணி."

"காலி இல்லீங்க சேர். பேர்தான் இல்ல. ஆள் இருக்கு."

"பேர் இல்லாம ஆள் எப்படி இருக்கிறது?"

"இருக்காங்க சேர். நாலு வேளை சோறு திங்கிறாங்க. அதுல ஒருத்திக்கு வாய் மட்டும் இந்தா நீளம்."

அந்த ஒருத்தி நான்தான்.

போகும்போது காலர் தேய்ந்த வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் பழைய கோட். வரும்போது சரோஜாவின் பிள்ளைகளுக்கு மீன் வைத்த மாலு பணிஸ். வாசலில் நுழைகிறவரிடம், "என்னா மாமா, இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்று கேட்பேன். முதலில் எல்லாம் பதிலுக்கு ஏதாவது சொல்வார். பிறகு பிறகு கையை மட்டும் ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு நாள் காலுக்கு எண்ணெய் சூடாக்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

"கால் வலிக்கல மருமகளே. சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது."

சூடாக்கிய எண்ணெயை அடுப்போரமே வைத்துவிட்டு வந்தேன்.

விட்டுவிடுங்கள் கங்காணி, இப்படியே இருந்துவிட்டுப் போகிறோம் என்று காளியப்பன் அண்ணன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "நான் செத்தா? ரவி இந்த வீட்டுக்கு வரணும்ல. அப்ப உங்கள எங்க வைக்கிறது?" என்றார். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரவி கொழும்புப் பக்கம் ஒரே ஒரு வாடகை அறையில் பெண்சாதி பிள்ளையோடு இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நாளும் அப்படித்தான் கிளம்பினார். "பொண்ணு பார்க்கவா மாமா, கோட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றேன். "உன்ன மாதிரி ஒண்ணு வாச்சா என்னா செய்றது, பயமா இருக்கு" என்றார். வெகுநாளைக்குப் பிறகு வந்த பதில் என்பதால் வெலிமடை வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

தூக்கிப் போகிற அன்று எல்லா டிவிஷன்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொழும்புக்குப் போன ஒத்தலயத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். தேயிலைக்கு நடுவில் இருக்கிற எங்கள் மயானத்தில் அத்தைக்குப் பக்கத்தில் வைத்தோம். மழை இல்லை, மூட்டம் மட்டும்தான்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். சரோஜாதான் முதலில் பிள்ளைகளின் உடுப்பை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். காளியப்பன் அண்ணன் மனைவி சட்டி பானையை எடுத்து ஓரமாக வைத்தார். எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. கட்டி வைப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. ரவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா செய்றீங்க?"

"வீடு உனக்குத்தானேப்பா" என்றார் அண்ணன்.

"எனக்குன்னா என்னா? நான் உங்கள போகச் சொன்னேனா?" என்று கத்தினான். பிறகு அண்ணனைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் வீடு வேணும் மாமா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக உங்கள ரோட்டுல விட்டா அப்பா என்னைய விடுவாரா? அண்ணி, அவர் எந்த ஆபீசுக்குப் போவாரு? நாளைக்கு எல்லாரும் கிளம்புங்க. புள்ளைகளையும்தான்."

எல்லோரும் போனோம். நாங்கள் ஒருவரும் அந்த ஆபீசைப் பார்த்ததில்லை. மாடிப்படி செங்குத்தாக இருந்தது, காளியப்பன் அண்ணனை ரவியும் என் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். மேசைக்கு முன்னால் போய் நின்று, "ஒத்தலயத்திலருந்து வந்திருக்கோம் சேர்" என்றான் ரவி. அவனுக்கு அப்பாவின் குரல் அப்படியே இருக்கும். அந்த அதிகாரி எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன கிழமைதானே வந்தது கங்காணி. நான் சொன்னதுதானே, அடுத்த மாசம் வாங்க."

யாரும் பதில் சொல்லாததால் நிமிர்ந்தார். ரவியைப் பார்த்தார். தடியோடு மூச்சு வாங்குகிற அண்ணனைப் பார்த்தார், கண் மங்கிய அவர் மனைவியை, சரோஜாவை, பிள்ளைகளை, எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கங்காணி எங்க?"

நான்தான் சொன்னேன். "அன்னைக்கு உங்ககிட்ட வந்துட்டுப் போயி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாருங்க. அங்கயே முடிஞ்சு போச்சுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழும்பி வந்து தன்னுடைய நாற்காலியை இழுத்துக் காளியப்பன் அண்ணனுக்குப் போட்டார்.

"அந்த மூணு காம்பரா ஆக்கள் நீங்களா?"

"ஆமாங்க."

"அது மண்ணுக்குள்ள போனதுதானே. அப்ப இவ்வளவு நாளும் நீங்க எங்க இருந்தது?"

"கங்காணி வீட்டுல" என்றோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம், சரோஜாவின் சின்னவன்கூட.

திங்கட்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருவார் என்கிறான் ரவி. எனக்கு நம்புவதற்கும் களைப்பாக இருக்கிறது, நம்பாமல் இருப்பதற்கும் களைப்பாக இருக்கிறது. எதற்கும் வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்து வைத்திருக்கிறோம்.

மாமா, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்தால் பேசுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.